பேரீச்சைத் தோப்பில் வௌவால்: உங்கள் அனுபவம் என்ன?

ஓமனில் ஹஜர் மலையடிவாரத்தில் ஒரு பேரீச்சைத் தோப்பில் பம்பு வேலைக்கு நாலு வருஷம் இருந்தேன். பழம் கனியும் மாசங்களில் காலையில் ஷெட்டைத் திறந்தால் தரையெல்லாம் மென்று துப்பிய சக்கை, அதோடு கொட்டை. எலி என்று நினைத்துப் பொறிகூட வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எகிப்தியப் பழந்தின்னி வௌவால். குலையிலேயே உட்கார்ந்து தின்னாது, ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு தள்ளிப் போய்த் தொங்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் துப்பும். பந்தி எங்கள் ஷெட் உத்தரத்தில்.

பகலில் அவை எங்கே என்று பார்க்க ஒரு விடுமுறை நாளில் மேலே இருந்த குகைக்குப் போனோம். போயிருக்கவே கூடாது. உள்ளே மூக்கைத் துளைக்கும் நெடி, இருட்டில் இரண்டிரண்டாக ‘டிக்டிக், டிக்டிக்’ என்று சத்தம். பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை மரத்தில்தான் தங்கும்; இது நாக்கைச் சொடுக்கி எதிரொலியில் வழி கண்டுபிடிப்பதால் கும்மிருட்டுக் குகையிலும் குடியிருக்கிறது. நான் டார்ச் அடித்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது, ஒன்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான்.

அந்த வருஷமே குலைக்குக் கட்டிய வலையில் ஒன்று சிக்கியது. தடித்த தோல் கையுறை போட்டுத்தான் தொட்டேன் (வெறுங்கையால் தொடாதீர்கள், கடித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்). நைலான் இழை இறக்கைச் சவ்வுக்குள் இறங்கியிருந்தது, ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க அரைமணி நேரம். பக்கத்துத் தோப்புக்காரர் குகை வாயில் புகை போடலாம் என்றார். இஸ்ரேலில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை பழந்தின்னியை ஒழிக்கக் குகைகளில் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி மருந்தடித்தார்கள். பழந்தின்னி தப்பித்துக்கொண்டது, அதே குகைகளில் இருந்த பூச்சி தின்னும் வௌவால்கள்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இதைச் சொன்னேன், அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

பதில்: நான் ராஜஸ்தானில், தார் பாலைவனத்துப் பக்கம் பார்த்தது வேறு இனம், பெரிய இந்தியப் பழந்தின்னி. குகையெல்லாம் கிடையாது, ஏரிக்கரை மரத்தில் பட்டப்பகலில் தொங்கும். மே மாத வெயிலில் இறக்கையால் விசிறிக்கொண்டு, உடம்பை நக்கி ஈரமாக்கிக்கொண்டிருந்தன. 1972 வனவிலங்குச் சட்டத்தில் எலியோடும் காக்கையோடும் சேர்த்துப் பழந்தின்னி வௌவாலையும் தொல்லைப் பிராணிப் பட்டியலில் வைத்திருந்தார்கள், 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. வலை கட்டுகிறவர்கள் விரல் நுழையாத சின்னக் கண்ணி வலையாகப் பார்த்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தொங்கலாக விட்டால்தான் சிக்குகிறது.