ராணுவப் பிள்ளை: ஹாஸ்டலா, கூடவே அலைச்சலா?

வேலூர்க்காரி:
வீட்டுக்காரர் ராணுவத்துல ஹவில்தார், இப்போ அசாம் ஜோர்ஹாட்ல இருக்கோம். பையன் அஞ்சாவது. பதான்கோட், செகந்திராபாத், இங்கேன்னு இது மூணாவது கேந்திரிய வித்யாலயா. ஆறாவதுக்கு பெங்களூரு ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல், அமராவதிநகர் சைனிக் பள்ளி, ரெண்டு ஹாஸ்டல் பள்ளிக்கும் பரீட்சை எழுத வைக்கணும்கிறார். எனக்கு மனசு ஒப்பல.

ஓய்வு சுபேதார்:
யோசிக்காதேம்மா. மிலிட்டரி ஸ்கூல் நாட்டுலயே அஞ்சுதான்: சாயில், ஆஜ்மீர், பெலகாவி, தோல்பூர், பெங்களூரு. பெங்களூரு 1946-லேர்ந்து நடக்குது. 70 சதவீத இடம் ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி), ஜவான் பிள்ளைகளுக்கு. நமக்குன்னு வெச்ச இடத்தை நாமே விடுறதா?

சாக்பீஸ்:
இடம் இருக்குங்கிறதுக்காகப் பத்து வயசுப் பிள்ளையை அனுப்புவீங்களா? கேவி, அதான் கேந்திரிய வித்யாலயா, ஆரம்பிச்சதே உங்களை மாதிரி ஊர் ஊரா மாறுறவங்களுக்குத்தான். 1963-ல முதல்ல எடுத்துக்கிட்டதே ராணுவத்தோட 20 ரெஜிமென்ட் பள்ளிகளை. எந்த ஊருக்குப் போனாலும் அதே பாடம். அப்புறம் ஹாஸ்டல் எதுக்கு?

ஓய்வு சுபேதார்:
பாடம் ஒண்ணுதான் சார். நடுவருஷத்துல மாத்தல் வந்தா? என் மூத்தவ பின்னக்கணக்கை ரெண்டு ஊர்ல ரெண்டு தடவை படிச்சா. தசமம் எந்த ஊர்லயும் படிக்கல. பத்தாவதுல வந்து உதைச்சுது. எனக்கு பீல்டு போஸ்டிங், குடும்பம் வேற ஊர்ல. யார் சொல்லித் தர்றது?

இரும்புப்பெட்டி:
நான் சைனிக் பள்ளியில் படித்த ஜவான் மகன். முதல் டெர்ம் முழுக்க போர்வைக்குள் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அங்கே அப்பாவின் ரேங்கை யாரும் கேட்டதில்லை. ராணுவக் குவார்ட்டர்ஸில் அப்படியா? ஆபீசர் பங்களா காம்பவுண்டுக்குள் விழுந்த பந்தை எடுக்கப் போனால்கூட, "உங்கப்பா யாரு?" என்றுதான் முதல் கேள்வி. எங்கள் கட்டிலடியில் எல்லார் பெட்டியும் ஒரே அளவு, மேலே ரோல் நம்பர் மட்டும்.

சாக்பீஸ்:
பெட்டி ஒரே அளவுதான். உள்ளே போற பையன் வெளியே வரும்போது என்.டி.ஏ. (ராணுவ அதிகாரிப் பயிற்சிக் கல்லூரி) தவிர வேற கனவு இருக்குமா? சைனிக் பள்ளி தொடங்கினதே அதுக்குத்தானே. அப்பாவும் பட்டாளம், பிள்ளையும் பட்டாளம்னு யார் முடிவு பண்ணினது?

இரும்புப்பெட்டி:
நான் வங்கியில் இருக்கிறேன் ஐயா. என் செக்‌ஷனில் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பட்டாளமே போகவில்லை. இன்னொன்று, சைனிக் பள்ளியில் ராணுவ ஒதுக்கீடு 25 சதவீதம் என்று நம்பிப் போய்விடாதீர்கள் அக்கா. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடம் போக மிச்சத்தில்தான் அந்த 25.

வேலூர்க்காரி:
ஒன்பதாவதுக்கும் பரீட்சை இருக்காமே. அதுவரைக்கும் கூட வெச்சுக்கிட்டு, அப்போ அவனையே கேட்டா என்ன?

ஓய்வு சுபேதார்:
ஒன்பதாவதுக்கு இடம் குறைச்சல். சைனிக்ல ஆறாவது பரீட்சையைத் தமிழ்ல எழுதலாம், ஒன்பதாவதுன்னா இங்கிலீஷ் மட்டும்தான்.

வேலூர்க்காரி:
இங்கிலீஷ் அவனுக்குப் பிரச்சினையே இல்லண்ணே. தமிழ்தான் எழுத வரல. போன பொங்கலுக்கு எங்கம்மாவுக்கு வாழ்த்து எழுதச் சொன்னேன், இந்தி எழுத்துல "பாட்டி"ன்னு எழுதிக் கொடுத்தான். அதை அவங்க பக்கத்து வீட்டு ரிட்டையர்டு மிலிட்டரிக்காரர்கிட்ட காட்டிப் படிச்சிருக்காங்க.