முதல் குட்டிகளை வைத்துப் பொலிகுதிரையை மதிப்பிடுவது எப்படி?

வணக்கம். பிரிட்டன், அயர்லாந்துப் பந்தயங்களில் புதிய பொலிகுதிரைகளின் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரைகளின்) முதல் ஆண்டுக் குட்டிகள் இரண்டு வயதில் எப்படி ஓடுகின்றன என்று தொகுத்து வருகிறேன். ஓரிடத்தில் தடுமாறி நிற்பதால் விவரமறிந்தவர்களின் உதவியை நாடுகிறேன். ஓடிய 14 பந்தயங்களிலும் தோற்காத ஃபிராங்கெல் என்ற குதிரையின் முதல் குட்டிகள் 2016-இல் களமிறங்கியபோது, அவற்றுள் முதலில் ஓடிய குன்கோ என்ற குட்டியே வென்றது; அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானில் மற்றொரு குட்டியான சோல் ஸ்டர்ரிங் முதல்தரப் பந்தயம் ஒன்றையும் வென்றது. ஆனால் 2001-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தை வென்ற கலிலியோ என்ற குதிரையின் முதல் குட்டிகளில் ஒன்றான சிக்ஸ்டீஸ் ஐகான், மூன்று வயதில்தான் செயின்ட் லெஜர் என்ற நெடுந்தூரப் பந்தயத்தை வென்று பெயரெடுத்தது. அப்படியிருக்க, இரண்டு வயதில் வென்ற குட்டிகளை மட்டும் எண்ணுவது (அதுதான் எளிது என்றாலும்) எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடியவற்றில் வென்றவற்றின் விகிதத்தைக் கணக்கிடும்போது, தாய்க்குதிரைகளின் தரத்தையும், தந்தை எவ்வளவு தூரப் பந்தயங்களில் சிறந்தது என்பதையும் எவ்வாறு சேர்த்துக்கொள்வது? இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் தங்கள் முறையை விளக்கினால் நன்றியுடையவனாவேன்.