யஸ்பி, வச்சிரக்கல், ஜாஸ்பர்: மூன்றும் ஒரே கல்லா?

வாசகி:
விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை வரிசையாக வாசித்து வருகிறேன். யாத்திராகமம் 28:20-இல், பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் பதிக்க வேண்டிய பன்னிரண்டு கற்களில் கடைசியாக ‘யஸ்பி’ சொல்லப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21:11-இலோ நகரத்தின் ஒளி ‘பளிங்கினொளியுள்ள வச்சிரக்கல்’லுக்கு ஒப்பிடப்படுகிறது. ஆங்கிலப் பதிப்பில் இரண்டு இடங்களிலும் ஜாஸ்பர் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. என்னிடமுள்ள ஜாஸ்பர் மணிமாலை செங்கல் நிறம் கொண்டது. விளக்கின் முன் பிடித்தாலும் அதில் துளி வெளிச்சம் புகுவதில்லை. இந்தக் கல்லைத் தெளிந்த படிகமாகிய பளிங்கோடு ஒப்பிட யாருக்கேனும் தோன்றியிருக்குமா? ஜாஸ்பர் என்று ஆண்களுக்குப் பெயரிடுவதும் இக்கல்லை ஒட்டித்தானா?

நிலவியல் ஆசிரியர்:
அம்மா, உங்கள் மாலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்; சொல்லின் வரலாறு அறிந்தவர்கள் மற்றதை விளக்கட்டும். இன்று நிலவியலில் ஜாஸ்பர் என்பது, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குவார்ட்சு மணிகள் நெருக்கமாகப் பிணைந்து உருவான, ஒளி ஊடுருவாத கல். தூய குவார்ட்சு நிறமற்ற படிகமாக இருக்கும். ஜாஸ்பரில் பிற கனிமங்கள் சில வேளைகளில் 20 விழுக்காடு வரை கலந்திருப்பதால் ஒளி உள்ளே செல்ல வழியின்றிப் போகிறது. சிவப்பைத் தருவது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. மஞ்சளும் பழுப்பும் பெரும்பாலும் கோதைட்டால் வருபவை. மோஸ் அளவையில் இதன் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை இருப்பதால் கண்ணாடியை இது கீறிவிடும். சாதாரணக் கத்தியால் இதைக் கீற முடியாது.

கேள்விக்குச் சற்று வெளியே போனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பட்டை இரும்புப் பாறைகளில், செந்நிற ஜாஸ்பர் அடுக்கும் கருநிற இரும்புத் தாது அடுக்கும் மாறிமாறிப் படிந்திருப்பதைக் காணலாம். பழங்காலக் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு ஆக்சிசனோடு சேர்ந்து அடியில் படிந்ததன் தடம் அது.

சொல்லாய்வர்:
உங்கள் ஐயம் மிகச் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. இங்கே மாறியது கல்லன்று, சொல்லின் எல்லைதான். எபிரேயத்தில் ‘யாஷ்பே’, அக்காடியத்தில் ‘யஷுப்பு’, கிரேக்கத்தில் ‘இயாஸ்பிஸ்’ என வழங்கிய சொல்லே இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஜாஸ்பர் ஆயிற்று. ஆனால் பழங்காலத்தார் கற்களை நிறத்தையும் தோற்றத்தையும் கொண்டே பெயரிட்டார்கள். வேதியியல் பகுப்பு அவர்களிடம் இல்லை. முதல் நூற்றாண்டில் எழுதிய உரோம அறிஞர் பிளினி, இயாஸ்பிஸ் பச்சை நிறமுடையது என்றும் பல வேளைகளில் ஒளி ஊடுருவக்கூடியது என்றும் குறிப்பிடுகிறார். இன்று நாம் கால்சிடனி, கிரிசோபிரேஸ் என்று பிரித்துச் சொல்லும், ஒளி கசியும் குவார்ட்சு வகைக் கற்களும் அக்காலத்தில் அப்பெயருக்குள் அடங்கியிருந்தன என்று கொண்டால், பளிங்குடன் ஒப்பிட்டதில் முரண் ஏதும் இல்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்களே இதில் ஒருமித்த நிலையில் இருக்கவில்லை. எபிரேய மூலத்தில் யாஷ்பே பன்னிரண்டாவது கல்; எபிரேய விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தாவிலோ இயாஸ்பிஸ் ஆறாவது இடத்தில் நிற்கிறது. தமிழில் அந்த ஆறாவது இடத்துக்கு ‘வச்சிரம்’ என்ற சொல் வந்துள்ளது. யாத்திராகமத்தில் எபிரேய ஒலியையே ‘யஸ்பி’ என்று காத்துக்கொண்டவர்கள், வெளிப்படுத்தின விசேஷத்தில் தெளிவும் ஒளியும் வேண்டிய இடத்தில் வச்சிரத்தைத் தேர்ந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வச்சிரம் வைரத்தைக் குறிக்கும் சொல் என்பதால், பொருளளவில் யஸ்பியே பொருத்தம் என்பது என் கருத்து.

ஆண்பெயருக்கும் கல்லுக்கும் உறவு இல்லை. அது, குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானியருள் ஒருவருக்கு மரபு வழங்கும் காஸ்பர் என்ற பெயரின் திரிபு. கருவூலக் காப்பாளர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவும் வணிகச் சாவடி ஒன்றை நடத்திய ஜாஸ்பர் ஹாஸ் என்பவரின் பெயரைத் தாங்கியதே.

கல் மெருகிடுபவர்:
பயன்பாட்டைப் பற்றி என் பங்குக்குச் சில சொற்கள். இக்கல் பொடிந்து உதிராமல் நுண்ணிய செதுக்கலைத் தாங்குவதால், முத்திரை வெட்டுவதற்கு இதைப் பழங்காலத்தார் மிகவும் விரும்பினார்கள். கிரீட் தீவின் மினோவர் ஏறத்தாழ கி.மு. 1800-இலேயே இதில் முத்திரைகள் செதுக்கினர். எகிப்தியர் இறந்தவரின் நெஞ்சின்மேல் வைத்த வண்டு வடிவத் தாயத்துகளில் சில பச்சை ஜாஸ்பரால் ஆனவை. பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகக் கருநிற ஜாஸ்பரும் பயன்பட்டிருக்கிறது. பெருவடிவத்துக்கு, உருசியாவின் எர்மிட்டாஷ் அருங்காட்சியகத்திலுள்ள கோலிவன் சாடியைச் சொல்லலாம்; பச்சை அலைவரிகள் கொண்ட ஜாஸ்பரில் குடைந்தெடுத்த அதன் எடை ஏறத்தாழ 19 டன்.

வாங்குவோர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். ‘டால்மேஷன் ஜாஸ்பர்’ என்று விற்கப்படும் புள்ளிக் கல் உண்மையில் ஒருவகைத் தீப்பாறை. ‘சுவிஸ் லாபிஸ்’ என்பதோ, லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லைப் போலத் தோன்ற நீலச் சாயம் ஏற்றிய ஜாஸ்பர். வெட்ஜ்வுட் என்னும் ஆங்கிலேயக் கலத் தயாரிப்பு நிறுவனத்தின் ‘ஜாஸ்பர்வேர்’ கலங்களில் இக்கல் சிறிதும் கிடையாது; அது மெருகு பூசாத பீங்கான் வகை.

வாசகி:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் என் குறிப்பேட்டில் இரண்டு இடங்களிலும் ‘யஸ்பி’ என்றே எழுதி, பண்டைய பொருளில் பச்சை நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்ட கல் என்று விளக்கம் சேர்க்கலாமா?

சொல்லாய்வர்:
தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ‘பச்சை’ என்பதை முடிந்த முடிபாக வைக்காமல் ‘பெரும்பாலும் பச்சை’ என்று எழுதுங்கள். பிளினியே இக்கல்லின் வேறு நிறங்களையும் குறித்திருக்கிறார்.