திங்கக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்: ‘ஸ்ட்ரேடஜிக் பார்ட்னர்ஷிப்’

பாளையங்கோட்டை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தியா–பிரான்ஸ் உறவு பத்தி நோட்ஸ் எழுதிட்டு இருக்கேன். 1998 ஜனவரில குடியரசு தின விருந்தாளியா ஜாக் சிராக் டெல்லி வந்தப்போ ரெண்டு நாடும் ஸ்ட்ரேடஜிக் பார்ட்னர்ஷிப் அறிவிச்சாங்க, அந்த இடத்துல பேனா நின்னுபோச்சு. போன டெஸ்ட்ல ஒரு பிள்ளை ‘கூட்டணி நாடுகள்’னு எழுதி ரெண்டு பேரையும் நேட்டோ ராணுவக் கூட்டணில சேத்துட்டா. பிரான்ஸ்தான் அதுல இருக்கு, நாம இல்லயே. சிவப்பு மைல அடிச்சேன், பக்கத்துல சரியான சொல்ல எழுத வரல. திங்கக்கிழமை ஜெராக்ஸ்.

தென்காசி தம்பி:
டீச்சர், இலங்கைப் பத்திரிகைல ‘மூலோபாய பங்காளித்துவம்’னு போடுதாங்க, அதையே வச்சிக்கலாமே.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி:
தம்பி, அவங்க ஊருக்கு அது சரி, நம்ம பக்கம் பங்காளின்னா யாரு? வயலப் பாகம் பிரிச்ச நாள்லருந்து வரப்புல எதிர எதிர வந்தாலும் மொகம் பாக்காம போறவன்லா. மூலம், உபாயம் ரெண்டும் வடமொழி வேற. நம்மகிட்ட ‘சூழ்’ இருக்கு. சூழ்ச்சின்னா ஆலோசனைதான், ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’னு வள்ளுவர் சொல்லுதாரு. சுத்திப் பாக்குறது, அதுலருந்து நாலா பக்கமும் யோசிக்கிறது. ‘சூழ்துணை’ன்னு வைங்க, அழகான வினைத்தொகை.

சங்கரன்கோவில் அக்கா:
அண்ணாச்சி, சூழ்ச்சின்னா இன்னைக்குப் பிள்ளைகளுக்கு சகுனிதான் ஞாபகம் வரும். அரசு புத்தக வழக்குல ‘உத்தி’ இருக்கே, ‘உத்திசார் கூட்டாண்மை’. பிளஸ் டூ கணக்குப்பதிவியல்லயே பார்ட்னர்ஷிப்புக்கு கூட்டாண்மைதான்.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி:
அது கடைக்கணக்கு கூட்டாண்மை, லாப நஷ்டத்தப் பங்கு வைக்கிறது. உத்தியும் ‘யுக்தி’லருந்து வந்ததுன்னு சொல்லுதவங்க உண்டு.

சங்கரன்கோவில் அக்கா:
நன்னூல்ல முப்பத்திரண்டு உத்தின்னு எண்ணி வச்சிருக்கு, அதுக்கு மேல என்ன பூர்வீகம் பாக்கணும்? வேளாண்மை, மேலாண்மை மாதிரி கூட்டாண்மையும் ‘ஆள்’லருந்து வந்ததுதான்.

தென்காசி தம்பி:
‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்’ குறள்ல வருதே, ‘துணைவலி’ன்னே வச்சா? 1998 மே மாசம் பொக்ரான்ல நாம அணுகுண்டு சோதனை பண்ணுனதும் அமெரிக்காவும் ஜப்பானும் தடை போட்டுச்சு, பிரான்ஸ் போடல. அதுதான துணை?

பாளையங்கோட்டை டீச்சர்:
தம்பி, வலின்னா கிளாஸ்ல எல்லாரும் மூட்டுவலின்னுதான் எடுத்துக்கும். ஆனா அந்த பொக்ரான் விஷயத்த நோட்ஸ்ல சேத்துக்கிடுதேன், ஏன்னா அந்தப் பிள்ளைக்கு வெளங்காதது அதுதான்: ஒருத்தனுக்குச் சண்டைன்னா இன்னொருத்தன் வந்து நிக்கணும்ங்கிற ஒப்பந்தம் இதுல கிடையாது. ராணுவத் தளவாடம், அணுசக்தி, விண்வெளின்னு ரொம்ப நாளைக்கு யோசிச்சுச் சேந்து செய்யுற வேலை. 2016-ல பிரான்ஸ்கிட்ட 36 ரஃபேல் போர் விமானம் வாங்க ஒப்பந்தம் போட்டது, மும்பை மஸகான் கப்பல் கட்டுற தளத்துல பிரான்ஸோட ஸ்கார்பீன் நீர்மூழ்கி கட்டுனது எல்லாம் அந்த வரிசைதான்.

சங்கரன்கோவில் அக்கா:
அந்த ‘ரொம்ப நாளைக்கு யோசிச்சு’ங்கிறதுதான் உத்தி.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி:
அதுதான் சூழ்தல்னு நான் மொதல்லருந்து சொல்லுதேன்.

பாளையங்கோட்டை டீச்சர்:
மூணு பேரு உத்திசார் கூட்டாண்மைன்னு தனியா எழுதியிருக்கீங்க, அதையே போட்டு, ‘கூட்டணி அல்ல’ன்னு கீழ ஒரு வரி சேத்துட்டேன். ஜெராக்ஸ்காரர் ஆறு மணிக்குக் கடை அடைச்சிருவாரு, கிளம்புதேன்.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி:
சரிம்மா, போடுங்க. ஓரத்துல பென்சில்லயாவது ‘சூழ்துணை’ன்னு எழுதி வைங்க, எனக்கு இன்னும் மனசு ஒப்பல.