நண்பர்களை முன்வரிசையில் விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பாட்டுக் கேட்டது தப்பா?

பின்வரிசைக்காரன்

சனிக்கிழமை இரவு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கல்லூரி விடுதியில் நாங்கள் நாலு பேரும் ஒரே ராக் குழுவின் மேல் பைத்தியமாக இருந்தவர்கள். பதினைந்து வருடம் கழித்து அந்தக் குழுவை நேரில் பார்க்க நால்வருக்கும் ஒன்றாக டிக்கெட் கிடைத்தது. கதவு திறப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே போய் நின்றோம். திறந்ததும் ஓட்டம். தடுப்புக் கம்பியிலிருந்து இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தாயிற்று. பாடகரின் ஷூ நாடா வரைக்கும் தெரிகிற தூரம்.

முதல் பாட்டு தொடங்கியதும் எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை. இரண்டாவது பாட்டில்தான் உறைத்தது, பாடகரின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. வாய் அசைகிறது, அவ்வளவுதான். டிரம்ஸ் கேட்கிறது, மேடைக்குக் கீழே அடுக்கி வைத்த ஸ்பீக்கர்கள் நெஞ்சில் குத்துகின்றன, ஒரு பக்கத்துக் கிட்டார் மட்டும் காதைக் கிழிக்கிறது. எந்தப் பாட்டு என்பதையே பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஒரு நண்பனின் காதில் "பின்னால் போறேன்" என்று கத்தினேன். தலையாட்டினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒலியைக் கலக்கும் மேசையான மிக்ஸர் வைத்திருக்கும் கூடாரத்தருகே போய் நின்றேன். நின்றதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டதுபோல எல்லாம் தெளிந்தது. பதினைந்து வருடம் கேட்ட ஒரு பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிந்ததும் போன் எடுக்கவில்லை, அத்தனை பேர் ஒரே இடத்தில் இருந்தால் சிக்னல் எங்கே கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் தேடிக் கடைசியில் வாகனம் நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் தெரிந்தது, நான் போன கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவன் நெரிசலில் கீழே விழுந்திருக்கிறான். அடி இல்லை. ஆனால் வீடு வரைக்கும் மூவரும் என்னோடு பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

நான் செய்தது தப்பா?

முன்கம்பி

தப்பு. வளைத்து வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நண்பரே, தெளிவான சத்தம்தான் வேண்டுமென்றால் வீட்டில் நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆல்பம் கேட்டிருக்கலாமே. லைவ் ஷோவுக்குப் போவது அதற்கா? வேர்த்துக் கொட்டி, யாரோ முன்பின் தெரியாதவன் தோளில் கை போட்டு, தொண்டை போகிற வரைக்கும் கத்துவதற்கு. 1965இல் நியூயார்க்கின் ஷேய் ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூட்டம். அலறலில் யாருக்கும் ஒரு வரிகூடச் சரியாகக் கேட்கவில்லை. இருந்தும் ராக் வரலாற்றில் அந்த இரவைத்தானே இன்னும் பேசுகிறோம்?

ஒலிமேசை

முன்கம்பி அவர்களே, நல்ல உதாரணம் எடுத்தீர்கள், ஆனால் அது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். அன்றைக்குப் பீட்டில்ஸ் வாசிப்பது பீட்டில்ஸுக்கே கேட்கவில்லை. மறு வருடம், 1966 ஆகஸ்டோடு அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. கூட்டத்துக்கு அது பொற்கால இரவு, வாசித்தவர்களுக்கு அது வேதனை.

சில வருடம் மேடை ஒலி அமைக்கும் குழுவில் கேபிள் சுற்றியவன் என்ற முறையில் பின்வரிசைக்காரனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாடகரின் குரல் வருவது மேடையின் இரு பக்கமும் உயரத்தில் வளைவாகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையிலிருந்து. அது குறிவைப்பது நடுவிலும் பின்னாலும் நிற்கும் கூட்டத்தை, முன்னிரண்டு வரிசைக்கு அது தலைக்கு மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்ப மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைப்பார்கள். டிரம்ஸும் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் பக்கத்திலேயே இருப்பதால் அவை எடுபடாமல் போவது சகஜம். சவுண்ட் இன்ஜினியர் தன் காதை நம்பித்தான் எல்லாவற்றையும் கலக்கிறார், அவர் நிற்பது கூடாரத்தில். அவருக்கு என்ன கேட்கிறதோ அதுதான் அந்தக் கச்சேரி. அதன் பக்கத்தில் போய் நின்றவர் விவரமான ஆள்.

முன்கம்பி

அப்படியானால் அது சவுண்ட் இன்ஜினியரின் கச்சேரி. கிட்டார்காரர் தன் ஆம்ப்பிலிருந்து எழுப்பும் சத்தம் நேராகக் காதில் விழுவது முன்னால் நிற்பவனுக்குத்தான். உங்களுக்குக் கிடைத்தது மைக், கேபிள், மேசை எல்லாம் சுற்றி வந்த சரக்கு.

ஒலிமேசை

இப்போது பல குழுக்கள் காதுக்குள் மாட்டும் மானிட்டரில்தான் தங்கள் வாசிப்பைக் கேட்கிறார்கள். சில மேடைகளில் பின்னால் சுவர்போல அடுக்கியிருக்கும் ஆம்ப் பெட்டிகளில் பாதிக்கு மேல் உள்ளே ஸ்பீக்கரே கிடையாது. "நேராக" என்று நீங்கள் நினைப்பதில் பாதி அலங்காரம்.

முன்கம்பி

மனசை நோகடிக்கிறீர்கள் சார்.

மழைக்குருவி

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள். என் உயரம் ஐந்தடிக்கும் கீழே. தடுப்புக் கம்பியைப் பிடிக்க இடம் கிடைத்தால் எனக்குக் கச்சேரி, இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் முதுகுகளின் கண்காட்சி. மேடையைக்கூட முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த போனின் திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. (அந்தப் போன் தொல்லைக்குத் தனி விவாதமே வைக்கலாம். ராக் பாடகர் ஜாக் ஒயிட் 2018 சுற்றுப்பயணத்தில் எல்லார் போனையும் பூட்டிய பைக்குள் போட வைத்தார். அவருக்குக் கோயில் கட்டலாம்.)

மிக்ஸர் பக்கத்தில் சத்தம் நன்றாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் டிரம்மர் அடிக்கும் முன் ஒரு நொடி மூச்சை இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிக்கு முன்னால் குரல் கேட்காதது எனக்குப் பெரிய நஷ்டமில்லை.

நிதானம்

சத்தம், காட்சி எல்லாம் சரி. காதைப் பற்றி யாருமே பேசவில்லையே. பின்வரிசைக்காரன் சார், மறுநாள் காதில் "ஙொய்" என்று இரைந்ததா?

பின்வரிசைக்காரன்

இரண்டு நாள். மூன்று பாட்டுதான் முன்னால் நின்றேன், அதற்கே.

நிதானம்

மூன்று பாட்டு என்றால் கால் மணி நேரம். வேலையிடங்களுக்குச் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி என்று இறங்கிக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். ராக் கச்சேரியில் ஸ்பீக்கருக்கு முன்னால் 100 என்பது பெரிய விஷயமே இல்லை. 1976இல் தி ஹூ என்ற ராக் குழு 126 டெசிபல் எட்டிக் கின்னஸில் ஏறியது, அதுவும் ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தள்ளி அளந்தது. அதே குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் பிற்பாடு கேட்கும் திறன் குறைந்து, காது இரைச்சலோடு வாழ்வதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்.

இரைச்சல் அடங்கிவிட்டால் காது பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த முறை முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் இயர்பிளக் போட்டுக்கொண்டு போங்கள்.

முன்கம்பி

இயர்பிளக் போட்டுக்கொண்டு ராக் கச்சேரியா! மழையில் நனைய ஆசைப்பட்டுக் குடையோடு போன கதை.

ஒலிமேசை

வாசிப்பவர்களே போட்டுக்கொள்கிறார்கள் தம்பி. மஞ்சள் பஞ்சு வாங்காதீர்கள், அது உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும், போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல இருக்கும். இசைக்காரர்களுக்கென்றே ஒன்று வருகிறது, எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். ஒரு வேடிக்கை, அதைப் போட்டால் முன்வரிசையில்கூட குரல் கொஞ்சம் பிரிந்து கேட்கும்.

முன்கம்பி

சரி, காதில் தோற்றேன். நட்பில் தோற்கவில்லை. நாலு மணி நேரம் ஒன்றாக வரிசையில் நின்றுவிட்டு மூன்றாவது பாட்டில் கழன்றுகொள்வதற்கு என் ஊகராதியில் வேறு பெயர்.

மழைக்குருவி

அகராதி :)

எனக்கு உறுத்துவது அவர் போனதல்ல. எங்கே சந்திப்பது என்று நாலு பேரும் உள்ளே நுழையும் முன்பே பேசிக்கொள்ளாததுதான். 1979இல் அமெரிக்காவில், சின்சினாட்டியில் தி ஹூ கச்சேரிக்கு உள்ளே நுழையும் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். 2000இல் டென்மார்க்கில், ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே 9 பேர். இதெல்லாம் முரட்டுக் கூட்டமில்லை, பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள். கூட்டம் ஒரு அளவுக்கு மேல் இறுகினால் அங்கே யாரும் தன் காலால் நிற்பதில்லை, அலை நிறுத்துகிறது. கையை நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர்போல வைத்துக்கொண்டு, அலையை எதிர்க்காமல் அது தளரும்போது சாய்வாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். விழுந்தவரைப் பார்த்தால் பாட்டு எதுவானாலும் முதலில் தூக்க வேண்டும்.

விழுந்தவன்

டேய்.

லிங்க் அனுப்பினான் நம்ம மூன்றாவது ஆள். இவ்வளவு பேரிடம் நியாயம் கேட்கிறவனுக்கு எனக்கு ஒரு போன் பண்ண முடியவில்லை.

மற்றவர்களுக்கு: அன்றைக்குக் கீழே விழுந்தது நான்தான். இவன் காதில் கத்தினதாகச் சொல்கிறானே, அதுவும் என் காதில்தான். எனக்குக் கேட்டது "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று. தலையாட்டினேன். தாகமாகத்தான் இருந்தது. ஐந்தாவது பாட்டு வரைக்கும் தண்ணீர் வரும் வரும் என்று பார்த்தேன்.

விழுந்தது பெரிதில்லை. பின்னாலிருந்து ஒரு தள்ளு, கால் பின்னிக்கொண்டது. மூன்று நொடிகூட இருக்காது, யாரென்றே தெரியாத நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஒருத்தர் என் செருப்பைத் தேடிக் கொடுத்தார், அது என் செருப்பில்லை என்பது வேறு விஷயம். மேடைக்கு முன்னால் இடித்துக்கொண்டு ஆடும் மோஷ் பிட்டை முரட்டுத்தனம் என்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

கோபம் அதற்கில்லை. விடுதியில் மின்சாரம் போனால் இருட்டில் நாம் நாலு பேரும் பாடுவோமே, அந்தப் பாட்டு எட்டாவதாக வந்தது. முதல் மீட்டலிலேயே தெரிந்துவிட்டது. திரும்பி உன் தோளைத் தேடினேன். அங்கே ஒரு தாடிக்காரர் இருந்தார். அவர் தோளில் கை போட்டுத்தான் முழுப்பாட்டையும் பாடினேன். நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு இரண்டாவது சரணம் தெரியவில்லை.

பின்வரிசைக்காரன்

அந்தப் பாட்டில்தான் பேஸ் கிட்டாரைக் கேட்டேன். மேலே எழுதினேனே, அது அதே பாட்டுதான்.

பல்லவி முடிந்து குரல் நிற்கும் இடத்தில், ரெக்கார்டில் நமக்கு வெறும் இடைவெளிபோலக் கேட்கும் இல்லையா? அங்கே பேஸ் கீழே இறங்கி இறங்கி அடுத்த வரிக்குப் படி கட்டுகிறது. நாம் அந்த இடத்தில் எப்போதும் மேசையைத் தட்டுவோம். கேட்டதும் பக்கத்தில் திரும்பி "டேய், கேட்டியா" என்றேன். பக்கத்தில் நின்றவர் மிக்ஸர் கூடாரத்துக் காவலர்.

போன் பண்ணாதது தப்பு. பயம்.

ஒலிமேசை

அந்தக் காவலர்கள் காதில் அடைப்பான் போட்டிருப்பார்கள். நீங்கள் சொன்னது கேட்டிருக்காது.

முன்கம்பி

விழுந்தவன் சார், நீங்களே சொல்லுங்கள். முன்வரிசையா, பின்வரிசையா?

விழுந்தவன்

முன்வரிசை. இதில் என்ன சந்தேகம். குரல் எனக்கும் கேட்கவில்லைதான், பாட்டு முழுக்க எனக்குள்ளே ஓடுகிறது, அவர் வாயசைத்தால் போதும். ஆனால் இவன் சொல்லும் அந்தப் படி கட்டும் இடத்தை இப்போது ரெக்கார்டில் தேடிப் பார்த்தேன். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினால் லேசாக இருக்கிறது. பதினைந்து வருடம் அதன்மேல் மேசை தட்டியிருக்கிறோம்.

அடுத்த சுற்றுப்பயணம் வந்தால் முதல் ஐந்து பாட்டு எல்லாரும் முன்னால். அப்புறம் எவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், போகும்போது கத்தக் கூடாது, கையால் காட்டிவிட்டுப் போக வேண்டும். எட்டாவது பாட்டு எப்போது வந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

பின்வரிசைக்காரன்

அந்தப் பாட்டு எப்போது வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று பாட்டு. இயர்பிளக் நான் வாங்கி வருகிறேன், நாலு ஜோடி.

விழுந்தவன்

ஐந்து. முந்தின ஊரில் எந்த வரிசையில் பாடினார்கள் என்று செட்லிஸ்டைப் பார்த்துக்கொண்டு வா.

முன்கம்பி

செட்லிஸ்ட் பார்த்துவிட்டுப் போவதா? அதுக்குப் பேசாமல் வீட்டிலேயே

மழைக்குருவி

ஆரம்பித்துவிட்டார்.