டெஸ்ட் ஹெல்பரில் பிரைவேட் போட்டும் எல்லாம் வெளியே தெரிகிறதே?

கேள்வி:
ரூபியில் மினிடெஸ்ட் என்ற டெஸ்ட் லைப்ரரிக்கு ஒரு ஹெல்பர் மாட்யூல் (பொதுவான மெத்தட்களின் தொகுப்பு) எழுதி எல்லா டெஸ்ட் கிளாஸிலும் இன்க்லூட் செய்து சேர்த்திருக்கிறேன். வெளியாள் தொட வேண்டியது ஆர்டர் உருவாக்கும் ஒரே மெத்தடைத்தான். அதற்கு எடுபிடியாக இருக்கும் நான்கைந்தைப் பிரைவேட்டுக்குக் கீழே தள்ளிவிட்டேன். நேற்றுப் பார்த்தால் யாரோ அந்தப் பிரைவேட் மெத்தடையே ஒரு டெஸ்டில் நேராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் ஜம்மென்று ஓடுகிறது. ஜாவாவிலிருந்து வந்தவன் நான், தலை சுற்றுகிறது.

பதில் 1:
ஜாவா பிரைவேட்டை மறந்துவிடுங்கள். ரூபியில், முன்னால் ஒரு ஆப்ஜெக்டும் புள்ளியும் வைத்துக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான் (ரூபி 2.7 முதல், தன்னையே குறிக்கும் செல்ஃப் மட்டும் வைக்கலாம்). இன்க்லூட் செய்தபின் டெஸ்டும் ஹெல்பரும் ஒரே ஆப்ஜெக்ட். குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டு சமையலறைக்கு வராதே என்றால் எப்படி?

பதில் 2:
இதில் பெயர் மோதலும் உண்டு. என் ஹெல்பரில் மெசேஜ் என்று சாதாரணமாக ஒரு பிரைவேட் மெத்தட் வைத்தேன், உடனே இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும் எல்லா அசர்ட்_ஈக்வலும் ஆர்கியுமென்ட்எரர், இரண்டு கொடுத்தாய் பூஜ்யம்தான் வேண்டும் என்று. மினிடெஸ்ட்டே உள்ளுக்குள் அந்தப் பெயரில் ஒன்றை வைத்திருக்கிறது, டெஸ்ட் பாஸ் ஆனாலும் அதைக் கூப்பிடும். அரை நாள் போயிற்று.

பதில் 3:
எடுபிடிகளை மாட்யூலுக்குள்ளேயே ஒரு கிளாஸில் போட்டு அந்தக் கிளாஸ் பெயரை வெளியாளுக்கு மறைக்கும் பிரைவேட்_கான்ஸ்டன்ட் கொடுத்தால் போதாதா?

பதில் 1:
போதாது, அதிலும் அதே ஓட்டை. மாட்யூல் பெயரும் இரட்டைப் புள்ளிகளும் போட்டு அழைத்தால்தான் தடுக்கும். இன்க்லூட் செய்த கிளாஸுக்குள்ளிருந்து வெறும் பெயரைச் சொன்னால் கிடைத்துவிடும். கிளாஸ் நல்ல யோசனைதான், ஆனால் காப்பது கான்ஸ்டன்ட் இல்லை: எடுபிடிகள் அந்தக் கிளாஸின் பிரைவேட் மெத்தட்களாக இருக்கட்டும், மாட்யூலில் அதை நியூ செய்து கூப்பிடும் ஒரு வரி மட்டும். அப்போது டெஸ்ட் வேறு ஆப்ஜெக்ட், தொட்டால் நோமெத்தட்எரர். பிரைவேட் மெத்தடையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடும் செண்ட் போட்டு நுழைபவரை ரூபி தடுக்காது, கோட் ரிவ்யூவில்தான் பிடிக்க வேண்டும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், நன்றி. ஏழு டெஸ்ட் விழுந்தன. அதில் மூன்று நானே எழுதியது.