புதுப்பிப்பு: விடுதி அறைக்கு எடுத்துச் செல்லப் பலரும் மறக்கும் பொருட்கள்

சென்னையில் கல்லூரி விடுதியில் சேரும் என் மகளுக்கு, பொதுவாக விடுபட்டுப்போகும் பயனுள்ள பொருட்கள் எவை என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மிகவும் உதவியது, ஒரு சகோதரி பரிந்துரைத்த, நீண்ட ஒயரும் தனித்தனி சுவிட்சுகளும் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்; அவளுக்குரிய பிளக் பாயின்ட் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்ததால், அது இல்லாமல் படுக்கையருகே மேசை விளக்கையோ மடிக்கணினியையோ பயன்படுத்த வழியே இருந்திருக்காது. ஆனால் 6 ஆம்பியர் பெட்டியில் 1500 வாட் கெட்டிலைத் தயவுசெய்து மாட்ட வேண்டாம். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும்.

நைலான் கயிறும் கிளிப்புகளும் வடகிழக்குப் பருவமழையின்போது, மொட்டைமாடியில் துணி உலர்த்த முடியாத நாட்களில், கைகொடுத்தன.

எதிர்பாராத ஒன்று: அலமாரிக்குப் பூட்டு விடுதியில் தரப்படவில்லை. இரண்டு சாவிகள் உள்ள சிறிய பூட்டை முதல் நாளே கொண்டுசெல்லுங்கள்.